கரி தேடி அலைந்த கப்பல் அணி



தோட்டங்களில் வயது முதிர்ந்தவர்கள், எதற்கும் அஞ்சாத ஒரு சூரனைப் பார்த்து, "அவன் சரியான எம்டன்" என்று சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். ஒலியைக் கேட்டால் எமன் நினைவுக்கு வருவான். உண்மையில் எம்டன் என்பது ஜெர்மனியில் உள்ள ஒரு துறைமுக நகரம். அதன் பெயரைத் தாங்கிய போர்க்கப்பல் ஒன்று 1914ஆம் ஆண்டில் சென்னையையும் பினாங்கையும் நடுங்க வைத்தது. அந்தக் கப்பல் தனிக் கப்பல் அன்று. ஓர் அணியைச் சேர்ந்தது. அந்த அணி எப்படி அழிந்தது என்பதை இன்று பார்ப்போம்.

சீனாவின் சிங்தாவ் துறைமுகம் அப்போது ஜெர்மனியின் கையில் இருந்தது. அதைத் தளமாகக் கொண்ட குரூசர் கப்பல் அணிக்கு அட்மிரல் ஸ்பே தலைவர். ஷார்ன்ஹார்ஸ்ட், நைசனாவ் என்ற இரண்டு பெரிய கப்பல்கள். எம்டன், நியூர்ன்பர்க், லைப்சிக் என்ற சிறிய கப்பல்கள். டிரெஸ்டன் பின்னர் வந்து சேர்ந்தது. ஸ்பேயின் இரு புதல்வர்களும் இந்த அணியிலேயே பணிபுரிந்தார்கள்.

இக்கப்பல்களை ஓட்டியது நிலக்கரி. நம் நாட்டில் ஒரு காலத்தில் ஓடிய கரி ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய கப்பல் ஒன்று 2,000 டன் வரை கரி ஏற்றும். நிதானமாகப் போனாலும் சில வாரங்களில் அது தீர்ந்துவிடும். பிறகு இன்னொரு கப்பலை அருகே நிறுத்தி, மூட்டை மூட்டையாக மாற்ற வேண்டும். வெயிலில், கரித்தூளில், மாலுமிகள் முதுகு ஒடிய உழைத்தார்கள். கீழே கொதிகலன் அறையில் நெருப்புக்கு முன் நின்று கரி வாரிப் போட்டவர்களின் பாடு அதைவிடக் கொடிது. சரித்திரப் புத்தகங்களில் அவர்களைத் தேடினாலும் கிடைக்கமாட்டார்கள்.

ஆங்கிலேயருக்குக் கொழும்பு, சிங்கப்பூர், ஹாங்காங் என்று எங்கும் கரித்துறைகள் இருந்தன. ஸ்பேக்குச் சிங்தாவ் ஒன்றுதான். 1914 ஆகஸ்ட் 23ல் ஜப்பானும் போரில் இறங்கவே, அதுவும் முற்றுகைக்குள்ளானது. அதற்குச் சில நாட்கள் முன்னதாகவே, பசிபிக் கடலில் பாகன் என்ற தீவருகே ஸ்பே ஆலோசனை நடத்தினார். இந்துமாக்கடலில் முழு அணிக்கும் கரி கிடைக்காது. தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் கிடைக்கும் என்று கணக்கிட்டார். எம்டனின் தலைவர் முல்லர், தம் கப்பலை மட்டும் இந்துமாக்கடலுக்கு அனுப்பும்படி கேட்டார். ஒற்றைச் சிறு கப்பல், பிடிபடும் கப்பல்களின் கரியைக் கொண்டே பிழைத்துக்கொள்ளும் அல்லவா? ஸ்பே ஒப்புக்கொண்டார்.

நம் முன்னோர் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்த அதே வங்கக் கடலில் எம்டன் வேட்டையாடியது. செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. சிலர் மாண்டார்கள், ஆயிரக்கணக்கானோர் நகரை விட்டு ஓடினார்கள். சில நாட்களில் பியூரெஸ்க் என்ற கப்பல் 6,000 டன்னுக்கு மேற்பட்ட உயர்தரக் கரியோடு அதன் கையில் சிக்கியது. ஆங்கிலேயக் கடற்படைக்குப் போய்க்கொண்டிருந்த கரி அது!

அக்டோபர் 28 விடியற்காலையில், நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியை மாட்டிக்கொண்டு, ஆங்கிலக் கப்பல் போலப் பினாங்குக்குள் நுழைந்தது. ரஷ்யாவின் செம்சுக் கப்பல் நங்கூரமிட்டிருந்தது. அதன் தலைவரோ கரையில் தங்கியிருந்தார். கப்பல் சில நிமிடங்களில் மூழ்கியது. எண்பதுக்கு மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர். பினாங்கு வெஸ்டர்ன் ரோடு கல்லறையில் அவர்களின் நினைவுச் சின்னம் உள்ளது. பிடிபட்டவர்களைக் கண்ணியமாக நடத்தியதற்காக முல்லரை எதிரிகளும் மெச்சினார்கள். மெச்சட்டும், ஆனால் அந்தக் கல்லறையையும் சேர்த்தே நாம் பார்க்க வேண்டும்.

நவம்பர் 9ல் கோகோஸ் தீவுகளின் கம்பியில்லாத் தந்தி நிலையத்தை அழிக்க எம்டன் சென்றது. கரி கொண்டுவர பியூரெஸ்க்குக்குச் செய்தி அனுப்பியிருந்தது. தொடுவானில் புகை தெரிந்ததும், கரிதான் வருகிறது என்று எண்ணினார்கள். வந்தது சிட்னி என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல். அதன் பீரங்கிகள் பெரியவை. எம்டன் உருக்குலைந்து பவளப்பாறையில் ஏறி நின்றது. நூற்று முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

ஸ்பேயோ நவம்பர் 1ல் சிலிக் கரையோரம் கொரோனெல் அருகே இரண்டு ஆங்கிலக் கப்பல்களை மூழ்கடித்திருந்தார். அவற்றிலிருந்த சுமார் 1,600 பேரில் ஒருவரும் தப்பவில்லை. வால்பரைசோ நகரில் ஜெர்மானியர்கள் மலர்க்கொத்து கொடுத்தபோது, இது என் சமாதிக்கு ஆகும் என்ற பொருளில் ஸ்பே பதில் சொன்னாராம். குண்டுகளில் பாதியளவு தீர்ந்திருந்தது. மாற்று வாங்க எந்தத் துறைமுகமும் இல்லை. அவருக்குத் தம் நிலைமை தெரிந்திருந்தது.

தென் அமெரிக்காவின் தென்கோடியைச் சுற்றி வரும் வழியில், கரி ஏற்றிய பாய்க்கப்பல் ஒன்று அவரிடம் அகப்பட்டது. அந்தக் கரியை மாற்ற பிக்டன் தீவருகே மூன்று நாட்களுக்கு மேல் தங்கினார்கள். பிறகு டிசம்பர் 8 காலை ஃபாக்லாந்துத் தீவுகளைத் தாக்கப் போனார்கள். அங்கே இரண்டு பெரும் ஆங்கிலப் போர்க்கப்பல்கள் கரி ஏற்றிக்கொண்டு நின்றன. அவை முந்தின நாள்தான் வந்து சேர்ந்தவை! பிக்டனில் தங்காமல் வந்திருந்தால் ஸ்பே அவற்றைச் சந்தித்திருக்கமாட்டார்.

அன்றிரவுக்குள் நான்கு ஜெர்மானியக் கப்பல்கள் மூழ்கின. ஸ்பேயும் அவருடைய இரு புதல்வர்களும் உட்பட, சுமார் 2,000 பேர் குளிர்ந்த கடலில் மாண்டனர். ஷார்ன்ஹார்ஸ்டிலிருந்து ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. தப்பிய டிரெஸ்டன், 1915 மார்ச் 14ல், கரி தீர்ந்துபோன நிலையில், சிலிக்குச் சொந்தமான ஒரு தீவருகே எதிரிகளிடம் அகப்பட்டது. அதன் மாலுமிகளே அதை மூழ்கடித்தார்கள்.