ஒரே சாக்ஸபோன், இரண்டு பாடசாலைகள்

ஈப்போவில் வளரும் தமிழ்ப் பிள்ளையின் காதில் ஊதுகருவி இரண்டு பக்கமிருந்து விழுகிறது. தைப்பூசத்தன்று குனோங் சீரோ கல்லுமலைக் கோயிலில் உறுமி மேளத்தை மீறிக்கொண்டு வரும் நாதஸ்வரம் ஒரு பக்கம். பள்ளித் திடலில் பேண்ட் குழு ஊதும் கிளாரினெட்டும் சாக்ஸபோனும் மறுபக்கம். பல கோயில்களில் நாதஸ்வரக்காரர் தமிழ்நாட்டிலிருந்து பெர்மிட்டில் வந்தவராக இருக்கிறார். உள்ளூர்ப் பிள்ளைக்கு அவரிடம் உட்கார்ந்து கற்க வாய்ப்பு குறைவு. ரப்பர் தோட்டம் செம்பனையாகி, செம்பனை வீடமைப்புத் திட்டமாகி, லயத்துக் குடும்பங்கள் புந்தோங், சுங்கை சிப்புட் என்று டவுன் பக்கம் வந்துவிட்டன. அங்கே பள்ளி பேண்டில் சேர்ந்த பிள்ளை சாக்ஸபோனைக் கையில் எடுக்கிறது. ஆனால் வீட்டில் கேட்ட ராகம் அந்தக் கருவிக்குள் வருவதில்லை.

வரவைத்தவர்கள் இருவரை இங்கே பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கலாம்: கத்ரி கோபால்நாத், ருத்ரேஷ் மகந்தப்பா. இருவருக்குமே பூர்வீகம் கர்நாடக மாநிலம். நம்மில் பலர் கத்ரியைக் கேட்டது 1994-இல் வந்த ‘டூயட்’ படத்தில். பிரபு ஊதுவதுபோல் நடிக்க, உண்மையில் ஊதியவர் இவர்.

கத்ரியின் அப்பா நாதஸ்வரக்காரர். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைப் பார்த்து ஆசைப்பட்ட மகன், மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும் பிறகு சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடமும் படித்தார். பின்னவர் பாடகர், மிருதங்கமும் வாசிப்பவர். சாக்ஸபோன் ஊதத் தெரியாத ஒருவரிடம் சாக்ஸபோன் கற்றார் என்பதுதான் இதில் விசேஷம். குரு பாட, சீடன் அதைக் குழலில் தேடினார். 1980-இல் பம்பாய் ஜாஸ் யாத்ராவில் அமெரிக்கர் ஜான் ஹேண்டியோடு மேடையேறினார். 1994-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பிபிசி புரோம்ஸ் கச்சேரி.

மகந்தப்பா வந்த பாதை நேர் எதிர். அமெரிக்காவில் வளர்ந்து, ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரைக் கேட்டு, பெர்க்லீ கல்லூரியில் ஜாஸ் படித்தவர். கத்ரியின் ஆல்பத்தை அண்ணன் கேலிக்காகக் கொடுக்கப்போய், அதுவே வினையானது. பின்னாளில் கத்ரியையே தேடிப்போய் ‘கின்ஸ்மென்’ என்ற ஆல்பத்தை 2008-இல் வெளியிட்டார்; வயலின் கன்யாகுமரி, மிருதங்கம் பூவாளூர் ஸ்ரீஜி. 2011-இல் வந்த ‘சந்தி’யில் லேப்டாப்பும் ஒரு வாத்தியம். 2016 முதல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜாஸ் துறைப் பொறுப்பு. மேடை, வகுப்பு, கணினி மூன்றும் ஒரே ஆளிடம்.

வித்தியாசம் எங்கே என்று ஒரு ராகத்தை வைத்தே காட்டலாம். ஜாஸ் வகுப்பில் ஃபிரிஜியன் என்று ஒரு சுரவரிசை உண்டு. அதன் ஏழு சுரங்களும் தோடியின் ஏழு சுரங்களும் ஒன்றே. பேண்டில் ஓராண்டு பழகிய பிள்ளை ஒரு மாலைக்குள் ஃபிரிஜியனை ஏற்றி இறக்கிவிடும். ஆனால் அது தோடி ஆகாது. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே ஆடும். நாதஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளை தோடியால் பெயரெடுத்ததற்கு நாதஸ்வரத்தின் உடலமைப்பும் துணைநின்றது: விரலைத் துளைமேல் பாதி நகர்த்தலாம், சீவாளியில் உதட்டை இறுக்கலாம், தளர்த்தலாம். சாக்ஸபோனில் துளைக்கும் விரலுக்கும் நடுவே மூடி நிற்கிறது. மிச்சமிருப்பது உதடு, தாடை, தொண்டை. அதிலும் ஒரு சிக்கல்: தாடையைத் தளர்த்தினால் சுரம் கீழே வழுக்கும், இறுக்கி மேலே ஏற்றுவது அவ்வளவு சுலபமில்லை. ஆகவே காந்தாரத்தை அசைக்க, மேலே மத்தியமத்தைப் பிடித்துக்கொண்டு கீழே சரியவிடும் வித்தை தேவைப்படுகிறது. (ஜாஸுக்கு இது தெரியாத சங்கதி என்று நினைக்க வேண்டாம். டியூக் எலிங்டன் குழுவின் சாக்ஸபோன்காரர் ஜானி ஹாட்ஜஸ் வழுக்கியே மயக்கியவர். ஆனால் அங்கே அது அழகு. தோடியில் அதுதான் சுரம்.)

பேராக்கில் கற்பிப்பவர் யார் வழியில் போவது? தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் பள்ளிகளுக்கு இசை ஆசிரியர்களைத் தயாரிக்கிறது. அவர்களுக்கு ஏடும் கணினியும் பழக்கம், மகந்தப்பா வழி எளிது. என் கணிப்பில் வரிசை மட்டும் கத்ரியுடையதாக இருக்க வேண்டும்: முதலில் வாய்ப்பாட்டு, அப்புறம் குழல். கருவிகளை மகந்தப்பாவிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஒத்து ஊத ஆளில்லாத வீட்டில் கைப்பேசியே சுருதி போடும். சுருதி மாறாமல் வேகத்தைப் பாதியாக்கும் செயலி பெரிய உபகாரம்; கத்ரியின் ஒரு பிடியை அதில் ஓட்டினால், ஒரே சுரம் என்று நினைத்த இடத்தில் மூன்று நான்கு வளைவுகள் தனித்தனியாகக் கேட்கும்.

எலெக்ட்ரானிக் ஊதுகருவிகளைப் பற்றி எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. அக்காய் நிறுவனத்தின் ஈவியில் பல்லால் கடித்தால் சுரம் நெளிகிறது, ஹெட்ஃபோனில் ஊதினால் அடுக்குமாடியில் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். எத்தனை அரைச்சுரம் வளைய வேண்டும் என்று அது முன்கூட்டியே ஓர் எண்ணைக் கேட்கிறது. தோடி காந்தாரத்துக்கு அந்த எண் ஏறும்போது ஒன்று, இறங்கும்போது வேறு.