தோக்காய்தோவின் புதிய பாதை

யப்பான் நாட்டின் பழந்தலைநகர் கியோத்தோ. தொக்குகாவா மரபினர் ஆண்ட காலத்தில் ஆட்சிப்பீடம் அமைந்த நகர் யெதோ; இன்று தோக்கியோ என வழங்குவது அதுவே. இவ்விரு நகரங்களையும் கடற்கரை ஓரமாக இணைத்த பெருவழிக்குத் தோக்காய்தோ என்று பெயர். கீழைக் கடல் வழி என்பது அதன் பொருள். ஏறக்குறைய 500 கிலோமீற்றர் நீண்ட அவ்வழியில் வழிப்போக்கர் தங்குதற்கு ஐம்பத்து மூன்று இடங்கள் இருந்தன. நடந்து செல்வோர்க்கு இரு கிழமை வரை ஆகும். ஓயி போன்ற ஆறுகளிற் பாலம் இல்லை; சுமைகாரரின் தோள்மீது அமர்ந்தே அக்கரை சேர்தல் வேண்டும். அதே வழியை இன்று பயணிகள் இரண்டேகால் மணி நேரத்திற் கடக்கின்றனர்.

இம்மாற்றம் ஓர் இரவில் விளைந்ததன்று. ஆரம்பத்திலே செய்த ஒரு சிக்கனமும், அதனைத் திருத்துதற்கு மூன்று தலைமுறையினர் பட்ட பாடும் இதன் பின்னே மறைந்து நிற்கின்றன.

யப்பானின் முதற் புகையிரதம் 1872ஆம் ஆண்டிலே தோக்கியோவின் ஷிம்பாசியிலிருந்து யொக்கோகாமாவுக்கு ஓடிற்று. பிரித்தானியப் பொறியியலாளரின் துணையுடன் அமைந்த அப்பாதையில், இரு தண்டவாளங்களுக்கும் இடையே இருந்த அகலம் 3 அடி 6 அங்குலமாகும். மேலை நாடுகள் பலவற்றில் வழங்கிய அகலமோ 4 அடி 8½ அங்குலம். மலைகள் மலிந்த நாட்டிற்கு ஒடுங்கிய பாதையே செலவு குறைந்தது என அன்று கருதப்பட்டது. 1889இல் கோபே வரை நீண்ட தோக்காய்தோ இருப்புப்பாதையும் அந்த அகலத்திலேயே அமைந்தது. பல நாட்களின் பயணம் இருபது மணி நேரமாகக் குறைந்த வியப்பு மக்களுக்கு. ஆயினும் ஒடுங்கிய பாதையிற் பெரிய எந்திரங்களை ஓட்டுதல் அரிது. வளைவுகளில் விரைந்து செல்லுதல் அதனினும் அரிது.

இக்குறையை நன்குணர்ந்தவர் ஷிமா யசுஜிரோ என்னும் பொறியியலாளர். பாதையை அகலமாக்க முடியும் என்பதை 1917இல் யொக்கோகாமாவின் அயலிலே பரிசோதனை செய்து காட்டினார். ஆனால், உள்ள பாதைகளை அகலமாக்குதலினும் புதிய ஊர்களுக்குப் பாதை போடுதலே அரசியலாளர்க்கு உவப்பாயிருந்தது. திட்டம் கைவிடப்பட்டது, யசுஜிரோ பதவி துறந்தார்.

1940இல் அத்திட்டம் வேறொரு கோலத்தில் உயிர்பெற்றது. தோக்கியோவிலிருந்து ஷிமொனோசெக்கி வரை அகன்ற பாதையொன்று அமைக்க அரசு இசைந்தது. அதனை வேண்டி நின்றது போர். ஆசியப் பெருநிலத்துக்குச் செல்லும் படையும் பண்டமும் அவ்வழியே விரையவேண்டும் என்பது நோக்கம். 1941இல் சுரங்கங்கள் தோண்டத் தொடங்கினர். போர் முற்றியதும் வேலை நின்றது. 1946இல் யசுஜிரோ காலமானார். மலையின் வயிற்றிலே பாதி தோண்டிய சுரங்கம் இருளில் கிடந்தது.

1955இல் தேசியப் புகையிரதத் திணைக்களத்தின் தலைவராக வந்தவர் சோகோ ஷிஞ்சி. அப்பொழுது அவருக்கு வயது எழுபத்தொன்று. பொறியியற் பிரிவுக்குத் தலைமை தாங்க அவர் அழைத்தவர் ஷிமா ஹிதேயோ; யசுஜிரோவின் மைந்தர். நாட்டின் இருப்புப்பாதை நீளத்தில் நூற்றுக்கு மூன்று பங்களவேயான தோக்காய்தோ பாதை, போக்குவரத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கைத் தாங்கித் தள்ளாடிக்கொண்டிருந்தது. எனினும் எதிர்ப்பு வலுத்தது. விமானமும் மோட்டார் வண்டியும் பெருகிவரும் நாளிலே புகையிரதத்திற்குப் பொருளைக் கொட்டுதல் மடமை என்றனர் பலர்.

அவர்களுக்கு விடை தந்தது 1957ஆம் ஆண்டு மே மாதம் தோக்கியோவில் நடந்த ஒரு விரிவுரை. தோக்கியோவிலிருந்து ஒசாக்காவுக்கு மூன்று மணி நேரத்திற் செல்லமுடியும் என்று புகையிரத ஆராய்ச்சி நிலையத்தார் அங்கே அறிவித்தனர். பேசியவர்களிற் சிலர் போர்க்காலத்தில் விமானத் துறையிற் பணியாற்றியவர்கள். மத்சுதைரா தாதாஷி கடற்படை விமானங்களின் சிறகுகளைச் சிதைத்த அதிர்வை ஆராய்ந்தவர். வேகம் மிகும்போது வண்டிச் சக்கரங்கள் இடமும் வலமுமாக ஆடுவதற்குத் தண்டவாளத்தின் கோணலே காரணம் என எண்ணியிருந்தனர். அவ்வாட்டம் வண்டியின் அமைப்பிலிருந்தே எழுகின்றது என்பதை அவர் தெளிவுபடுத்தினார். நோய் தெரிந்தபின் மருந்து கடினமன்று. தகுந்த விற்களால் ஆட்டத்தை அடக்கலாயினர்.

புதிய பாதை பழைய பாதையோடு கலவாமல் தனித்து அமைந்தது. தெருக்கள் குறுக்கிடும் கடவை ஒன்றேனும் அதில் இல்லை. ஓடும் வேகத்திற் பாதையோரத்துச் சமிக்ஞை விளக்குகள் சாரதியின் கண்ணுக்குப் புலப்படா. ஆதலால், செல்லத்தக்க வேகம் அவர் முன்னேயே தோன்றவும், மீறினால் வண்டி தானாகவே வேகந்தணியவும் வகை செய்யப்பட்டது. ஒரே எந்திரம் முன்நின்று இழுப்பதற்கு மாறாக, எல்லாப் பெட்டிகளுக்கும் மின்விசை அளிக்கப்பட்டது. பரிசோதனை ஓட்டங்களிற் சுரங்கத்துள் நுழைந்ததும் காதடைத்து வலிகண்டது. பெட்டிகளைக் காற்றுப் புகாவண்ணம் அமைத்து அதனையும் தீர்த்தனர்.

தீராத வலி பணத்தின் வலியே. உண்மைச் செலவைச் சொன்னால் பாராளுமன்றம் இசையாது எனச் சோகோ அறிந்திருந்தார். ஆகவே ஏறக்குறைய 20,000 கோடி யென் என்ற குறைந்த கணக்கையே முன்வைத்தார். 1961இல் உலக வங்கியிடம் 8 கோடி டொலர் கடன் பெறப்பட்டது. தொகை பெரிதன்று, ஆயினும் பிறரிடம் வாக்குக் கொடுத்தபின் அரசு இடைநடுவிற் பின்வாங்குதல் அரிது. இறுதியில் செலவு 38,000 கோடி யென்னாக ஏறிற்று. 1963இல் சோகோ பதவியிழந்தார். ஷிமாவும் உடன் விலகினார். நாட்டுக்கு நன்மை செய்யும் பொருட்டு நாட்டினரிடம் உண்மையை மறைத்தல் தகுமோ என்னும் வினா அவர்களுடன் விலகவில்லை.

1964 ஒக்டோபர் முதலாம் நாள் காலை ஆறு மணிக்குத் தோக்கியோவிலிருந்தும் ஒசாக்காவிலிருந்தும் முதல் வண்டிகள் புறப்பட்டன. ஒலிம்பிக் விழாவுக்கு ஒன்பது நாட்களே இருந்தன. மணிக்கு 210 கிலோமீற்றர் வேகத்தை எட்டிய அவ்வண்டிகள் நான்கு மணி நேரத்தில் வழியைக் கடந்தன. மறு ஆண்டில் அது மூன்று மணி பத்து நிமிடமாயிற்று. தோக்கியோ மேடையில் நாடா வெட்டியவர் புதிய தலைவர். சோகோவும் ஷிமாவும் அம்மேடையில் இல்லை.

அவர்கள் அமைத்த பாதையில் அன்றுமுதல் இன்றுவரை வண்டி தடம்புரண்டோ மோதியோ பயணி ஒருவரும் உயிரிழந்ததில்லை. அதற்காக வேறொரு விலையும் கொடுபட்டது. நகோயா நகரிற் பாதையோரம் வாழ்ந்த மக்கள் இரைச்சலும் அதிர்வும் தாங்காமல் 1974இல் நீதிமன்றம் ஏறினர். 1986இலேயே இணக்கம் ஏற்பட்டது. வேகத்தின் பயனை நுகர்ந்தோர் வேறு. அதன் ஓசையைத் தாங்கியோர் வேறு.

உலக வங்கிக் கடன் 1981இல் தீர்ந்தது. சோகோ தமது தொண்ணூற்றேழாம் வயதிற் காலமானதும் அவ்வாண்டிலேயே. தோக்கியோ நிலையத்து மேடையின் ஓரத்தில் அவர் முகம் பொறித்த தகடு ஒன்று உண்டு. மலையடிவாரத்திலே, 1941இற் சுரங்கம் தோண்ட வந்த தொழிலாளர் தங்கிய இடத்திற்கு ‘ஷின்கான்சென்’, அதாவது புதிய பெருவழிப் பாதை, என்று பெயர் வழங்கலாயிற்று. வண்டி வருதற்கு முன்னரே பெயர் வந்துவிட்டது. அந்தச் சிற்றூர் இன்றும் அப்பெயருடனேயே இருக்கின்றது. வண்டிகள் அருகிலுள்ள சுரங்கத்தினூடே நில்லாமல் விரைகின்றன.