ஃபிளாஷ் அளவும் பிற கம்பெனி லென்ஸும்: ஒரு சிறு வரலாறு

நம் வயதுக்காரர்கள் பலர் வீட்டு அலமாரியில் ஒரு பழைய லென்ஸாவது தூங்கிக்கொண்டிருக்கும். விவிடாரோ, டாம்ரானோ, சிக்மாவோ, டோக்கினாவோ. கேமரா ஒரு கம்பெனி, லென்ஸ் வேறு கம்பெனி. பேரன் வாங்கிய டிஜிட்டல் கேமராவில் அதை மாட்டி ஃபிளாஷ் போட்டு எடுத்தால், ஒரு படம் வெளுத்துப்போகிறது, அடுத்தது இருட்டடிக்கிறது. உடனே "லென்ஸ் மட்டம்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். பாவம், அந்தக் கண்ணாடி மேல் பெரும்பாலும் குற்றம் இல்லை. ஃபிளாஷ் வெளிச்சத்தை அளக்கும் முறையே இந்த அறுபது ஆண்டுகளில் பலமுறை மாறிவிட்டது. கல்லூரியில் இயற்பியல் நடத்திய பழக்கத்தில், அந்தக் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன்.

முதலில் கணக்குக் காலம். ஒவ்வொரு ஃபிளாஷுக்கும் கைடு நம்பர் என்று ஒன்று உண்டு. அதைத் தூரத்தால் வகுத்தால் லென்ஸில் வைக்க வேண்டிய அபர்ச்சர் கிடைக்கும். 100 ஏஎஸ்ஏ பிலிமுக்குக் கைடு நம்பர் 28 என்றால், ஐந்து மீட்டரில் நிற்பவருக்கு 5.6, மூன்றரை மீட்டரில் நிற்பவருக்கு 8. தூரம் இரு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகும் என்ற விதிதான் இதற்கு அடிப்படை. எங்கள் ஊர் ஸ்டுடியோக்காரர் இந்த விதியைப் புத்தகத்தில் படித்தவர் இல்லை. ஆனால் மணவறைக்கும் தனக்கும் எத்தனை அடி என்று கண்ணாலேயே அளந்து, பேசிக்கொண்டே வளையத்தைத் திருப்பிவிடுவார். ரோலில் 36 படம். கழுவிப் பார்க்கும்வரை எதுவும் தெரியாது. தாலி கட்டியதை இன்னொரு முறை கட்டச் சொல்ல முடியுமா?

இந்தக் கணக்கில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. 5.6 என்று வைத்தால் எல்லா லென்ஸும் ஒரே அளவு வெளிச்சத்தை உள்ளே விடும் என்று அது நம்புகிறது. நடைமுறை அப்படி இல்லை. பத்துப் பன்னிரண்டு கண்ணாடிகள் கொண்ட பழைய ஜூம் லென்ஸ் வழியிலேயே கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்றுவிடும். பூச்சியையோ பூவையோ அதே அளவில் பிலிமில் விழும்படி எடுக்கும் மேக்ரோ லென்ஸ், வழக்கமான வெளிச்சத்தில் நாலில் ஒரு பங்கைத்தான் விடும்.

அடுத்து வந்தது, தானே அளக்கும் ஃபிளாஷ். 1960களின் நடுவில் அமெரிக்காவில் ஹனிவெல் கம்பெனி இதைக் கொண்டுவந்தது. ஃபிளாஷின் முகத்தில் ஒரு சிறு கண். எதிரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் போதும் என்றதும் அந்தக் கண் ஃபிளாஷை அணைத்துவிடும். 1970களில் வந்த விவிடார் 283 இந்த வகையில் உலகப் புகழ் பெற்றது. விவிடார் கதையே சுவாரசியமானது. அது ஓர் அமெரிக்கக் கம்பெனி. லென்ஸ் செய்யச் சொந்தத் தொழிற்சாலை கிடையாது. கினோ, கோமினே, டோக்கினா போன்ற ஜப்பானிய ஆலைகளில் செய்ய வைத்துத் தன் பெயரில் விற்றது. இந்த வகை ஃபிளாஷுக்கு கேமரா எது, லென்ஸ் எது என்ற கவலையே கிடையாது. ஆனால் அதன் கண் வெளியில் இருப்பதால், லென்ஸுக்குள் தொலையும் வெளிச்சம் அதற்கும் தெரியாது.

அந்தக் குறையைத் தீர்த்தது 1975இல் வந்த ஒலிம்பஸ் ஓஎம்-2. யோஷிஹிசா மைதானி என்ற பொறியாளரின் தலைமையில் உருவான கேமரா. வெளிச்சம் லென்ஸ் வழியாக உள்ளே போய், பிலிம் மேல் பட்டுத் திரும்புவதை, படம் பதிவாகிக்கொண்டிருக்கும் அந்தக் கணத்திலேயே இது அளந்தது. போதும் என்றதும் ஃபிளாஷை நிறுத்தியது. என்னைக் கேட்டால், பிற கம்பெனி லென்ஸுக்கு இதைவிட நல்ல காலம் வாய்க்கவில்லை. லென்ஸ் எவ்வளவு வெளிச்சம் தின்றாலும், நடுவில் நீட்டிப்புக் குழாய் போட்டாலும், வளையத்தில் எழுதியிருக்கும் எண் கொஞ்சம் பொய்யானாலும், பிலிமுக்கு வந்து சேர்ந்ததைத்தானே அளக்கிறது! லென்ஸ் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. 1980இல் வந்த நிக்கான் எஃப்3, பென்டாக்ஸ் எல்எக்ஸ் கேமராக்களும் இதே வழியில் ஃபிளாஷை அளந்தன.

இதிலும் ஒரு பலவீனம் உண்டு. கேமராவின் கண் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே நினைக்கும். மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி சட்டம் முழுக்க நிறைந்தால், வெளிச்சம் அதிகம் என்று எண்ணிச் சீக்கிரம் ஃபிளாஷை அணைத்துவிடும். வேட்டி சாம்பலாகி, முகம் கறுத்துவிடும். அரக்குப் பட்டுப்புடவை நிறைந்தால் நேர்மாறு. மணப்பெண் முகம் வெளுத்துப்போகும்.

இதற்கு மருந்தாக 1992இல் நிக்கான், எஃப்90 கேமராவுடன் டி வகை லென்ஸ்களைக் கொண்டுவந்தது. குவியம் எத்தனை மீட்டரில் நிற்கிறது என்பதை லென்ஸே ஒரு சிப் மூலம் கேமராவுக்குச் சொல்லும். தூரம் தெரிந்தால் வேட்டியும் புடவையும் கேமராவை அவ்வளவு எளிதில் ஏமாற்ற முடியாது. பழைய கைடு நம்பர் கணக்கேதான். போடுகிற ஆள் மட்டும் மாறிவிட்டார்.

1995இல் கேனன் வேறொரு வழியில் போனது. படம் எடுப்பதற்குச் சற்று முன், கேமராவின் கண்ணாடி மேலெழுவதற்குள், ஒரு சின்ன முன்-ஃபிளாஷ் அடிக்கும். அது திரும்பி வருவதை அளந்து அசல் ஃபிளாஷின் அளவைத் தீர்மானிக்கும். டிஜிட்டல் கேமரா வந்ததும் முன்-ஃபிளாஷ் முறையே எங்கும் நிலைத்தது. காரணம் எளிது. பிலிம் வெளிச்சத்தைச் சிதறடித்துத் திருப்புவதைப் போல டிஜிட்டல் சென்சார் திருப்புவதில்லை. ஓஎம்-2 வழி அத்தோடு அடைபட்டது.

பிற கம்பெனி லென்ஸுக்குச் சங்கடம் தொடங்கியது இங்கேதான். முன்-ஃபிளாஷை அளக்கும்போது லென்ஸ் முழுதாகத் திறந்திருக்கிறது. படம் எடுக்கும்போது 8க்கோ 11க்கோ சுருங்குகிறது. நடுவில் உள்ள வித்தியாசத்தை கேமரா கணக்கில்தான் போடுகிறது. லென்ஸ் "என் முழுத் திறப்பு இவ்வளவு" என்று சொல்வது சரியாக இருக்க வேண்டும். சொன்ன அளவுக்கு அது சுருங்கவும் வேண்டும். எதில் பிசகினாலும் ஃபிளாஷ் அளவு தப்பும், அதைத் திருத்த வேறு கண் இல்லை. அந்தப் பேச்சுக்கான சங்கேதத்தையோ கேமரா கம்பெனிகள் வெளியிடவில்லை. மற்றவர்கள் மின் சமிக்ஞைகளைக் கவனித்துத் தாமே கற்றுக்கொண்டார்கள். புதிய கேமரா வந்து பேச்சு சற்று மாறினால் பழைய லென்ஸ் திணறும். பிலிம் காலத்துச் சிக்மா லென்ஸ்கள் பல, கேனன் டிஜிட்டல் கேமராவில் முழுத் திறப்பில் வேலை செய்யும். அபர்ச்சரைச் சுருக்கினால் கேமரா பிழை காட்டி நின்றுவிடும். சிலவற்றுக்குச் சிக்மாவே சிப் மாற்றித் தந்தது.

இதைக் கம்பெனிகளின் சூழ்ச்சி என்று மட்டும் நான் சொல்லமாட்டேன். தூரம் சொல்லும் லென்ஸ் வேட்டிப் பிரச்சினையைப் பெருமளவு தீர்த்தது உண்மை. ஆனால் மலிவு லென்ஸை நம்பிப் பிழைத்த சின்ன ஸ்டுடியோக்காரர், முன்பு யோசிக்கத் தேவையில்லாத ஒன்றை யோசிக்க வேண்டியதாயிற்று.

அலமாரி லென்ஸை வெளியே எடுப்பவர்களுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். சன்னலைச் சாத்தி அறையை மங்கலாக்குங்கள். கேமராவை மேனுவலில் வைத்து, ஷட்டர் 1/125, ஐஎஸ்ஓ 400, ஃபிளாஷை டிடிஎல்லில் வையுங்கள். வெறும் சுவரை முழுத் திறப்பில் ஒன்று, 8இல் ஒன்று எடுங்கள். இரண்டும் ஒரே வெளிச்சமாக இருந்தால் லென்ஸ் சரியாகப் பேசுகிறது. இரண்டும் ஒரே அளவு வெளுத்தாலோ கறுத்தாலோ ஃபிளாஷ் திருத்தத்தில் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். ஒன்றுக்கொன்று மாறினால் டிடிஎல்லை மறந்துவிட்டு ஃபிளாஷை மேனுவலில் வையுங்கள். கைடு நம்பர் கணக்கு இன்றும் பொய்க்காது. முடிவும் திரையில் உடனே தெரிந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. லென்ஸோடு பழைய ஃபிளாஷையும் எடுத்து அப்படியே புது கேமராவில் மாட்டிவிடாதீர்கள். ஆரம்பகால விவிடார் 283 போன்றவற்றில், கேமராவோடு சேரும் முனையில் 200 வோல்ட்டுக்கும் மேல் இருக்கும். பழைய கேமராக்கள் தாங்கின. இப்போதுள்ளவற்றில் பல தாங்காது. முதலில் மீட்டர் வைத்து அளந்து பார்த்துவிடுங்கள்.