ஞாயிற்றை ஆராய்ந்த கருவியும் அதன் மூலமாதிரியும்

கல்வெட்டொன்று சிதைந்தழிந்தவிடத்து, முன்னர் எடுக்கப்பட்ட மைப்படியே வரலாற்றாசிரியனுக்குச் சான்றாய் நிற்கின்றது. விண்வெளிக் கருவிகளின் வரலாற்றிலும் இத்தகைய நிலை காணப்படுகின்றது. ஸ்கைலாப் நிலையத்திலிருந்து ஞாயிற்றை ஆராய்ந்த அப்பலோ தொலைகாட்டித் தொகுதி இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

ஞாயிற்றின் எக்ஸ் கதிர்களையும் குற்றலை ஊதாக்கடந்த கதிர்களையும் வளிமண்டலம் தடுத்துவிடுகின்றது. 1946 ஆம் ஆண்டு ஒக்டோபர் 10 ஆம் நாள் அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக்கூடத்தார் வி-2 றொக்கற்றிற் கருவியொன்றை அனுப்பி, வளிமண்டலம் தடுத்த ஊதாக்கடந்த நிறமாலையை முதன்முதலாகப் படம்பிடித்தனர். ஆயின் றொக்கற் தந்த அவகாசம் சில நிமிடங்களே. அம்முயற்சியில் ஈடுபட்ட ரிச்சர்ட் டௌசி என்பாரே பின்னர் ஸ்கைலாபில் அமைந்த கருவிகள் இரண்டிற்குப் பொறுப்பாளராயினார்.

தொலைகாட்டித் தொகுதி ஹன்ட்ஸ்வில் நகரிலுள்ள மார்ஷல் விண்வெளி நிலையத்தில் உருவாயிற்று. வெப்பநிலை சிறிது மாறினும் தாங்குசட்டம் வளைந்து, தொலைகாட்டிகளின் நோக்குத் திசை பிறழக்கூடும். ஆதலின் மூலமாதிரி முதலிற் செய்யப்பட்டு, காற்றகற்றிய பெருங்கூடத்தில் வெப்பத்திற்கும் குளிருக்கும் உட்படுத்தப்பட்டது. அங்குப் பெற்ற அறிவு கொண்டே விண்ணிற் செல்லும் தொகுதி செம்மை பெற்றது.

1973 ஆம் ஆண்டு மே 14 ஆம் நாள் ஸ்கைலாப் ஏவப்பட்டபோது அதன் காப்புக் கவசம் கிழிந்தது. மின்தரும் சிறகுகள் இரண்டனுள் ஒன்று அறுந்துபோக, மற்றையது சிக்குண்டது. அவ்விடர்ப்பாட்டில் தொலைகாட்டித் தொகுதிக்குரிய நான்கு மின்பலகைகளே நிலையத்தைக் காத்தன. முதற் குழுவினர் சென்று நிழற்குடை விரித்து, சூன் 7 ஆம் நாள் சிக்குண்ட சிறகையும் விடுவித்தனர். 28, 59, 84 நாட்களாக முறையே மூன்று குழுவினர் அங்குத் தங்கினர். அவர்கள் நிலையத்திற்கு வெளியே சென்று படச்சுருள்களைத் தம் கையாலே எடுத்து வந்தனர். அப்படங்களால், ஞாயிற்றின் வெளிமண்டலத்திற் காணப்படும் கொரோனாத் துளைகளிலிருந்தே விரைவான ஞாயிற்றுக் காற்று எழுகின்றதெனும் உண்மை உறுதிபெற்றது.

1979 ஆம் ஆண்டு சூலை 11 ஆம் நாள் நிலையம் கருவிகளோடு வீழ்ந்தழிந்தது. அதன் சிதைவுகள் இந்து சமுத்திரத்திலும் மேற்கு அவுஸ்திரேலியாவிலும் சிதறின. விண்ணிற் செல்லாத மாற்றுப்படி விண்ணியல் அருங்காட்சியகமொன்றில் உளது. அதன்கண் அமைப்பையும் அமைத்தோர் கருத்தையும் காணலாம். கிழிந்த கவசத்தையும் அதனைச் சீர்செய்தோர் துணிவையும் காணவியலாது. அவற்றிற்குப் படச்சுருள்களும் பயணக் குறிப்புகளும் வேண்டும். மைப்படியைச் சான்றாகக் கொள்வோன், கல் நின்ற இடத்தின் வரலாற்றையும் உடன் வைத்து ஆராய்தல் போல, மூலமாதிரியையும் ஆவணங்களையும் ஒருங்கு வைத்து ஆராய்தலே விஞ்ஞான வரலாறெழுதுவோன் கடனாகும்.