மருத்துவச்சிக்கு வந்த பெயர்கள்

தென்காசியிலிருந்து இராஜபாளையம் போகும் சாலையில், புளியங்குடிக்கும் சிவகிரிக்கும் நடுவில் இருக்கிறது வாசுதேவநல்லூர். எலுமிச்சையும் கரும்பும் விளையும் வட்டாரம். இங்கே இப்போது பிறக்கிற குழந்தைகள் ஏறக்குறைய எல்லாமே ஆஸ்பத்திரியில்தான் பிறக்கின்றன. மாநிலம் முழுவதும் அப்படித்தான்: 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. இந்த எண்ணைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் டாக்டர்களையும் 108 ஆம்புலன்ஸையும் சேர்த்துச் சொல்வார்கள். கர்ப்பிணியின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசி, மாமியாரைச் சம்மதிக்க வைத்து, ஆஸ்பத்திரி வாசல்வரை கூட்டிவந்த பெண்ணைச் சொல்வது குறைவு.

அந்தப் பெண் பெரும்பாலும் உள்ளூர்க்காரி, இல்லையென்றால் பக்கத்து ஊர். நூற்றைம்பது வருஷத்தில் அவளுக்குப் பல பெயர்கள் வந்திருக்கின்றன: மருத்துவச்சி, தாயி, துணைச் செவிலியர், கிராம சுகாதார செவிலியர், ஊட்டச்சத்துப் பணியாளர், தன்னார்வலர். ஒவ்வொரு பெயரையும் வைத்தது யார், பெயரோடு சம்பளமும் வந்ததா என்று பார்த்தால் நம் நாட்டுப் பொதுச் சுகாதாரத்தின் வரலாறு வேறு மாதிரித் தெரிகிறது.

மருத்துவச்சியிலிருந்து தொடங்கலாம். தென் மாவட்டங்களில் அவர் பெரும்பாலும் நாவிதர் குடும்பத்துப் பெண். அந்தச் சாதிக்கே மருத்துவர் என்று பெயருண்டு. 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளிலும் அம்பட்டர் வீட்டுப் பெண்கள் பேறுகாலம் பார்த்தது பதிவாகியிருக்கிறது. வயிற்றைத் தொட்டுப் பிள்ளை எப்படிக் கிடக்கிறது என்று சொல்வது, பிரசவம் பார்ப்பது, கொடி அறுப்பது, தாயையும் பிள்ளையையும் குளிப்பாட்டுவது, பேறுகால மருந்து இடிப்பது எல்லாம் அவர் வேலை. கூலி நெல்லாகவோ பழஞ்சேலையாகவோ வரும். பிரசவம் தீட்டு, கொடி அறுப்பது தீட்டிலும் தீட்டு. அதனால்தான் அந்த வேலை அவர் சாதிக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அவர் கை இல்லாமல் எந்த வீட்டிலும் பிள்ளை பிறக்காது, ஆனால் கொல்லை வாசல் வழியாகத்தான் வரவேண்டும். மருத்துவர் என்ற சொல் இன்று எம்.பி.பி.எஸ். படித்தவருக்குரிய மரியாதைச் சொல். மருத்துவச்சி என்ற சொல்லுக்கு அந்த உயர்வு வரவே இல்லை.

வெள்ளைக்காரன் ஆட்சி இந்தப் பெண்களை எப்படி நடத்தியது? சென்னை எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை 1844இல் ஏற்பட்டது. 1854இல் சென்னையில் பேறுகாலப் பணிப்பெண்களுக்கு ஒரு பயிற்சிப் பள்ளிக்கு அரசு அனுமதி தந்தது. 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்தபோது முதலில் நுழைந்த நால்வரில் மேரி ஷார்லீப் ஒருவர். 1885இல் கோஷாப் பெண்களுக்கென்று அவர் தொடங்கிய மருத்துவமனைதான் இன்றைய திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி ஆஸ்பத்திரி. அதே 1885இல் வைஸ்ராய் டஃபரின் மனைவியின் பெயரில் நிதியம் வந்தது. 1903இல் கர்சன் சீமாட்டி, பரம்பரை மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி தருவதற்கென்றே விக்டோரியா நினைவு உதவித்தொகை நிதியத்தை ஏற்படுத்தினார். அரசு, மிஷன் ஆஸ்பத்திரி, நன்கொடை கொடுத்த ஜமீன்தார்கள் என்று பல தரப்பும் கைகோத்த திட்டங்கள் இவை.

மருத்துவச்சிகள் எதிர்பார்த்த அளவு வரவில்லை. அந்த நிதியம் 1918இல் வெளியிட்ட அறிக்கைத் தொகுப்பில் நாடெங்கும் இருந்து பெண் டாக்டர்கள் எழுதிய குறைகள் நிறைய இருக்கின்றன: அழுக்கு, அறியாமை, பிடிவாதம். அவற்றைப் படிக்கும்போது எனக்கு உறுத்துவது வேறு. வகுப்புக்கு வரும் நாளில் ஒரு பிரசவத்துக்கு அழைப்பு வந்தால் அந்தக் கூலியை யார் தருவது? வகுப்புக்கு வந்தால் காசு, பிரசவத்தைப் பதிவு செய்தால் காசு என்று பல இடங்களில் கொடுத்துப் பார்த்ததிலிருந்தே, இது வயிற்றுப்பாட்டுச் சிக்கல் என்று நிர்வாகத்துக்கும் தெரிந்திருந்தது புரிகிறது. 1927இல் கேதரின் மேயோ எழுதிய ‘மதர் இந்தியா’ மருத்துவச்சியை ஒரு பயங்கர உருவமாக உலகத்துக்குக் காட்டியது. அந்தப் புத்தகத்தை எதிர்த்துக் கொதித்த நம் தலைவர்களில் மருத்துவச்சிக்காகப் பேசியவர்கள் மிகக் குறைவு.

அதற்கு முந்தைய வருஷமே மதராஸ் செவிலியர், பேறுகாலப் பணிப்பெண்கள் சட்டம் வந்துவிட்டது. பதிவேட்டில் பெயர் உள்ளவர், இல்லாதவர் என்று ஒரு கோடு விழுந்தது. பதிவு தேவைதான். கிருமி தெரியாத கையால் செத்த தாய்மார்கள் கற்பனை இல்லை. ஆனால் கோட்டுக்கு அந்தப் பக்கம் போக எழுத்து தெரிந்திருக்க வேண்டும். மருத்துவச்சி வீட்டுப் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது யார்? அப்போது செவிலியர் படிப்புக்கு வந்தவர்களில் கிறிஸ்தவப் பெண்களே அதிகம். வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இல் செவிலியர் பள்ளியும் 1918இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். அந்நிய ஆணின் உடம்பைத் தொடும் வேலை, இராத்திரி வேலை என்று மற்ற வீடுகள் தயங்கிய காலம் அது.

சுதந்திரத்துக்குப் பிறகு துணைச் செவிலியர் வந்தார். 1973இல் கர்தார் சிங் குழு சொன்னபடி அவர் பல்நோக்குப் பணியாளர் ஆனார். தமிழ்நாட்டில் கிராம சுகாதார செவிலியர். சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை நிலையம், மலையில் மூவாயிரம் பேருக்கு ஒன்று. ஊர்க்காரர்களுக்கு அவர் ‘நர்சம்மா’. அரசுச் சம்பளம், ஓய்வூதியம் உண்டு. நம் வரிசையில் முழு ஊழியராக மதிக்கப்பட்டவர் இவர்தான். அதற்கும் விலை இருந்தது. துணை நிலையத்திலேயே தங்க வேண்டும் என்பது விதி. கட்டடமோ பல ஊர்களில் ஊருக்கு வெளியே, தண்ணீர் இல்லாமல், சரியான தாழ்ப்பாள் இல்லாமல். இருபது வயதுப் பெண் அங்கே தனியாக இருக்க வேண்டும். நடுராத்திரி கதவு தட்டப்பட்டால் பிரசவத்துக்கா, வேறு எதற்கா என்று யோசித்துத் திறக்க வேண்டும். குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் சேர்க்கும் இலக்கும் அவர் தலையில்தான்.

மருத்துவச்சியை மறுபடி கூப்பிட்டது 1970களின் கிராம சுகாதாரத் திட்டம். 30 வேலைநாள் பயிற்சி, 300 ரூபாய் உதவித்தொகை, ஒரு பெட்டி, ஒரு சான்றிதழ். பதிவு செய்த பிரசவத்துக்குப் 10 ரூபாய், பதிவு செய்த குழந்தைக்கு 3 ரூபாய். 1990களில் உலக அளவில் கொள்கை மாறி, முறையாகப் படித்தவர்தான் பிரசவம் பார்க்க வேண்டும் என்று ஆனதும் பயிற்சி நின்றது. தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியரை வைத்து இருபத்து நான்கு மணி நேரமும் பிரசவம் பார்த்தார்கள். நல்ல முடிவு, தாய்மார் சாவு குறைந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்த கிழவிகளுக்கு ஓய்வூதியம் என்ற பேச்சே எழவில்லை.

1977இல் மத்திய அரசு, ஆயிரம் பேருக்கு ஒரு சமுதாய சுகாதாரப் பணியாளர் என்று திட்டம் போட்டது. தேர்வானவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அந்தத் திட்டத்தை எடுத்துக்கொள்ளாத மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. இங்கே வேறு பரிசோதனைகள் நடந்தன. சென்னை அடையாறில் மருத்துவர் கே.எஸ். சஞ்சீவி தொடங்கிய தன்னார்வ சுகாதார சேவை நிறுவனம், ஐயாயிரம் பேருக்கு ஒரு சிறு நலவாழ்வு மையம் என்று அமைத்து, உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி தந்தது. 1980இல் மதுரை மாவட்டத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் பணியாளர்களை எடுத்த விதம் எனக்குப் பிடித்தமானது: அதே கிராமத்துப் பெண், வறுமையிலும் தன் பிள்ளையை நோஞ்சானாக விடாமல் வளர்த்தவர் என்றால் அவருக்கு முன்னுரிமை. ஒரு தாயின் அனுபவத்தைத் தகுதியாக அரசு எண்ணியது அபூர்வம். மாதாமாதம் குழந்தைகளை எடைபோட்டு, எடை ஏறாத பிள்ளைக்குத் தனி உணவு கொடுப்பது அவர் பொறுப்பு.

உள்ளூர்ப் பெண்ணுக்கு உண்மையிலேயே ஒரு தொழிலைக் கொடுத்த இடங்கள் மலைகளில் இருக்கின்றன. கூடலூரில் அக்கார்டு அமைப்பும் ஆதிவாசி முன்னேற்றச் சங்கமும் நிலத்துக்காகப் போராடிய 1980களில் டாக்டர் தேவதாசனும் ரூபாவும் அங்கே போனார்கள். முதலில் கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்களாக ஆதிவாசிப் பெண்களுக்குப் பயிற்சி. 1990இல் அஸ்வினி என்ற அமைப்பும் ஆதிவாசி மருத்துவமனையும். பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர் வீட்டுப் பெண்கள் அங்கே செவிலியர் ஆனார்கள். ஆஸ்பத்திரிப் படியேறவே பயந்த பணியர் சமூகத்துப் பாட்டியிடம் அவர் மொழியிலேயே பேச ஆள் இருந்தது. தர்மபுரி மாவட்டம் சிட்டிலிங்கியில் 1993இல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் ஒரு குடிசையில் தொடங்கினார்கள். அப்போது அங்கே ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தன என்பது அவர்கள் எடுத்த கணக்கு. படிப்பைப் பாதியில் விட்ட மலையாளிப் பெண்கள் பிரசவம் பார்க்கவும் அறுவை அறையில் உதவவும் கற்றார்கள். குக்கிராமங்களில் வயதான பெண்களைத் துணைப் பணியாளர்களாகச் சேர்த்துக்கொண்டார்கள். சின்னப் பெண் சொன்னால் கேட்காத மாமியார், கிழவி சொன்னால் கேட்பாள். குழந்தைச் சாவு பல மடங்கு குறைந்தது.

சமவெளிக்கு வருவோம். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து எடுத்த உள்ளூர்ப் பெண்கள் வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். மாத்திரையை வீட்டிலேயே கொடுக்கிறார்கள். தனியாகக் கிடக்கும் வயசாளிகளுக்கு, முக்கியமாகப் பஸ் ஏற முடியாத பெண்களுக்கு, இது பெரிய காரியம். ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் 2024இல் கிடைத்தது.

இவர்களுக்கு வைத்த பெயர் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர். தன்னார்வலருக்குச் சம்பளம் கிடையாது, ஊக்கத்தொகைதான்: மாதம் 4,500 ரூபாயில் தொடங்கி 5,500 ஆனது. நூறு நாள் வேலையில் முழு மாதமும் வேலை கிடைத்தால் அதைவிடக் கூடவே கைக்கு வரும். வட மாநிலங்களில் ஆஷாக்கள் ஊழியர் அந்தஸ்து கேட்டுப் பல வருஷமாகத் தெருவில் நிற்கிறார்கள். அங்கேயும் பெயர் ஆர்வலர்தான்.

வாசுதேவநல்லூர்ப் பக்கம் இந்தப் பையைத் தூக்கிக்கொண்டு போகும் ஒரு பெண்ணுக்கு எந்த வீட்டில் யார் மாத்திரையை முழுங்காமல் பானைக்குள் போடுகிறார்கள் என்று தெரியும், எந்த மருமகளுக்கு உடம்பில் காயம் என்றும் தெரியும். துணைச் செவிலியர் படிப்புக்கு ஆள் எடுக்கும்போது அந்த வருஷங்களுக்கு மதிப்பெண் போட வேண்டும். அவரைப் போன்றவர்களுக்கு இத்தனை இடம் என்று ஒதுக்க வேண்டும். படிக்கும் காலத்தில் வீட்டுச் செலவுக்கு உதவித்தொகை தர வேண்டும். கூடலூரில் முப்பது வருஷத்துக்கு முன்பே பத்தாம் வகுப்பு முடிக்காத பெண்களை வைத்து ஒரு ஆஸ்பத்திரி நடத்திக் காட்டியிருக்கிறார்கள்.