மரச்சீனி

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டைக்கு எதிரே தொடங்கும் சாலைக் கடைத்தெருவில் மண் ஒட்டிய மரச்சீனியைப் பார்க்கிறவர்கள், அது திருவிதாங்கூர் மண்ணிலேயே பிறந்த பயிர் என்று நினைத்தால் வியப்பில்லை. மீன்கறியோடு அவ்வளவு ஒன்றிவிட்டது. ஆனால் தமிழர் மரவள்ளி, குச்சிக்கிழங்கு என்றும், மலையாளிகள் பலர் கப்ப என்றும் அழைக்கும் இந்தக் கிழங்கின் தாயகம் தென் அமெரிக்கா. அமேசான் படுகையின் தென்பகுதியில் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்குள்ள பழங்குடிகள் இதைப் பயிராக்கினர். கிழங்கிலுள்ள சயனைடு நஞ்சைத் துருவியும் பிழிந்தும் போக்கும் முறையைக் கண்டதும் அவர்களே. நம் வீடுகளில் வேகவைத்த தண்ணீரைக் கொட்டுவதும் அந்த நஞ்சுக்காகத்தான்.

16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இதைப் பிரேசிலிலிருந்து ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். இன்று உலகில் மிகுதியாக விளைவிக்கும் நாடு நைஜீரியா. மலையாளக் கரைக்கும் போர்த்துக்கீசியர் வழியாகவே வந்தது என்பது பொதுவான கருத்து.

வந்த பயிர் ஊன்றியதற்கான பெருமை, 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாளுக்குத் தரப்படுகிறது. தாவரங்களில் ஈடுபாடு கொண்ட அவர், நல்ல ரகங்களை வரவழைத்துப் பயிரிடத் தூண்டினார். ஆயினும் அரசர் சொன்னதற்காக மட்டும் ஒரு நாடு தன் சாப்பாட்டை மாற்றிக்கொள்ளாது. மேட்டு நிலத்தில் ஒரு குச்சியை நட்டால் போதும். விளைந்த கிழங்கை மண்ணுக்குள்ளேயே விட்டு, வேண்டும்போது பிடுங்கிக்கொள்ளலாம். ஏழைக் குடியானவருக்கு இதைவிட நல்ல களஞ்சியம் ஏது?

அதன் அருமை இரண்டாம் உலகப்போரில் தெரிந்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் கையில் விழ, அரிசி வரத்து நின்றது. வெளி அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூரில் பல குடும்பங்களுக்குச் சோற்றின் இடத்தில் மரச்சீனிதான். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்திருந்த கன்னியாகுமரிப் பகுதியில் இந்தப் பழக்கம் இன்றும் விடவில்லை. கிழங்குப் பயிர்களுக்கான மத்திய ஆராய்ச்சி நிலையம் 1963இல் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் தொடங்கப்பட்டது. அது வெளியிட்ட மரச்சீனி ரகங்களில் ஒன்றின் பெயர் 'ஸ்ரீ விசாகம்'.

அதே போர் சேலத்தில் வேறொன்றைச் செய்தது. தென்கிழக்காசியாவில் சாகோ பனையின் தண்டுச் சோற்றிலிருந்து ஜவ்வரிசி எடுப்பார்கள். இறக்குமதி தடைப்பட்ட 1940களில் சேலத்தார் மரவள்ளி மாவிலிருந்தே அதைச் செய்யத் தொடங்கினர். சேலம் ஜவ்வரிசி 2023இல் புவிசார் குறியீடு பெற்றது.