திரும்பி வந்த விடைத்தாள்

தட்டச்சுப் பயிலகங்களின் பெயர்ப் பலகைகளில் பிட்மன் என்ற பெயரைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 1837ஆம் ஆண்டில் தமது சுருக்கெழுத்து முறையை வெளியிட்ட ஐசக் பிட்மன்தான் அவர். முதியோர் கல்வியின் வரலாற்றிலும் அவருக்கு ஓர் இடம் உண்டு.

1840 ஜனவரியில் பிரிட்டனில் அஞ்சல் கட்டணம் வெகுவாகக் குறைந்தது. நாட்டுக்குள் எங்கு அனுப்பினாலும் சாதாரணக் கடிதத்துக்கு ஒரு பென்னி போதும். பாத் நகரில் வாழ்ந்த பிட்மன் இதைப் பயன்படுத்திக்கொண்டார். மாணவர் வேதாகமப் பகுதி ஒன்றைச் சுருக்கெழுத்தில் எழுதி அனுப்புவார். பிழை திருத்தப்பட்டு அது அவருக்கே திரும்பி வரும்.

பாடத்தை அச்சிட்டு அனுப்புவது பெரிய காரியமல்ல. புத்தகக் கடைக்காரரும் அதைச் செய்வார். தாள் திரும்பி வந்ததுதான் புதுமை. பிட்மன் முறையில் ஒரே கோடு மெல்லியதாக இருந்தால் ‘பேப்பர்’ என்பதன் முதல் ஒலி. தடித்தால் ‘பஸ்’ என்பதன் முதல் ஒலி. தனியே பயில்பவருக்குத் தம் கோடு தடித்துவிட்டதை யார் சொல்வார்? சொல்லாவிட்டால் பிழையே கைப்பழக்கமாகிவிடும்.

பகலெல்லாம் உழைத்துவிட்டு இரவில் விடை எழுதும் ஒருவர், அதை அனுப்பிவிட்டு எத்தனை நாள் காத்திருப்பார்? இக்கேள்வியை 1970களில் நார்வே நாட்டின் அஞ்சல் வழிப் பள்ளி ஒன்றில் டோர்ஸ்டைன் ரெக்கெடால் சோதித்துப் பார்த்தார். ஒரு பிரிவினருக்கு விடைத்தாள் சுமார் எட்டு நாளில் திரும்பியது. மற்றவர்களுக்கு ஆறு நாளுக்குள். பாடமோ ஒன்றுதான். விரைவாகத் தாள் பெற்றவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் படிப்பை முடித்தனர். தாமதமாகப் பெற்றவர்களில் பத்துக்கு ஏழு பேரே முடித்தனர். இரண்டு, மூன்று நாள் வேறுபாடு இவ்வளவு செய்யும் என்று யாரும் எளிதில் நம்பமாட்டார்கள். பின்னர் வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகளில் இத்தனை தெளிவான விளைவு கிட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தாள் விரைந்து வந்தாலும் அதில் வெறும் மதிப்பெண் மட்டும் இருந்தால் என்ன பயன்?

பிரிட்டனில் 1969இல் நிறுவப்பட்டு, 1971இல் பாடம் தொடங்கிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இதற்கு ஒரு வழி கண்டது. ஆசிரியர் விடைத்தாளில் மதிப்பெண்ணுடன் விளக்கக் குறிப்பும் எழுத வேண்டும். அப்படித் திருத்திய தாள்களில் சிலவற்றை எடுத்து, அக்குறிப்புகள் மாணவருக்கு உதவுமா என்று வேறொருவர் படித்துப் பார்ப்பார். அங்கே ஆசிரியரின் திருத்தத்துக்கும் திருத்தம் உண்டு!